தீயணைப்பு வண்டிக்கு ஊர்க்காசு சேர்க்கிறோம். வண்டிதான் வாங்க வேண்டுமா?

வலிகாமம் பொருளாளர் (கேள்வி):

வணக்கம். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு ஊரின் சனசமூக நிலையத்துக்கு நான் பொருளாளர். தொழில் தோட்டம். வெங்காயம், மிளகாய், சில போகம் புகையிலை. கூட்டத்தில் இன்னும் முடிவாகாத விஷயம் என்பதால் ஊரின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன்.

போன ஆடி மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டின் குசினி எரிந்தது. வீடு கல்வீடு. குசினி மட்டும் பின்வளவில் கிடுகால் வேய்ந்த கொட்டில். அந்த வீட்டு அம்மா தூளுக்கு மிளகாய் வறுத்துவிட்டு, கொள்ளியை வெளியே இழுத்துப் போட்டுவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்த நேரம். இழுத்த கொள்ளியில் எவ்வளவு தணல் இருந்ததோ, நான் சத்தம் கேட்டு ஓடிப்போனபோது கூரையில் பாதி போய்விட்டது. எரிகிற கிடுகுத் துண்டுகள் காற்றில் எழும்பி, பக்கத்து வளவில் மாட்டுக்கு அடுக்கியிருந்த வைக்கோல் போரின் பக்கம் விழுந்துகொண்டிருந்தன.

முதல் வேலையாக மெயின் சுவிச்சை நிறுத்தினோம். அதோடு கிணற்று மோட்டரும் நின்றுவிட்டது. அந்த வீட்டில் வாளியும் கயிறும் கிணற்றடியில் இருந்து எத்தனை வருடமாயிற்று என்று தெரியாது. அயல்வீட்டு வாளியை வாங்கி இரண்டு பேர் அள்ளினோம். ஒரு வாளி மேலே வருவதற்குள் நெருப்பு இரண்டு முழம் நகர்ந்துவிடும். என் மச்சான் தோட்டத்திலிருந்து தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய் மிசினைச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தான். இறக்கி, குழாயைக் கிணற்றில் விட்டால், குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கிற அடி வால்வு பிடிக்கவில்லை. மூன்று தரம் தண்ணீர் ஊற்றி நிரப்பிய பிறகுதான் மிசின் இழுத்தது. இழுத்த தண்ணீரும் வயலுக்குப் பாய்வதுபோலக் காலடியில் பாய்ந்தது, கூரைக்கு ஏறவில்லை.

வைக்கோல் போரைக் காப்பாற்றியது ஒரு கொக்கத்தடி. ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு நிற்கிற ஒரு பெடியன் மாங்காய் பிடுங்குகிற கொக்கத்தடியை எடுத்து, இன்னும் பிடிக்காத பக்கத்துக் கிடுகுகளை ஒவ்வொன்றாக இழுத்து விழுத்தினான். அவனுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

110க்கு அழைத்தோம், வண்டி வந்தது. எங்கள் பிரதேச சபைக்கென்று தீயணைப்புப் பிரிவு கிடையாது. 14 கிலோமீற்றர் ஓடி வர வேண்டும். வந்தவர்கள்மேல் நான் ஒரு சொல்லும் குறையாகச் சொல்ல மாட்டேன். வண்டி ஒழுங்கை முனையில் நின்றுபோனது எங்கள் பிழை. இரண்டு பக்கமும் பூவரசங் கதியால் வேலி. ஒவ்வொரு வருடமும் ஒரு சாண் வெளியே தள்ளி, இப்போது ஒரு லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மிசின்) போனால் எதிரே சைக்கிள் வர முடியாது. மேலே தொலைபேசி வயர் தாழத் தொங்குகிறது. அவர்கள் ஹோஸ் சுருள்களைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள்.

ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. குசினி, பாத்திரங்கள், இரண்டு மூட்டை நெல் போயிற்று. எல்லாம் ஆறிய பிறகு பார்த்தால் அம்மிக்கல் நடுவால் வெடித்துக் கிடந்தது. சூட்டில் இருந்த கல்லில் தண்ணீர் பட்டிருக்க வேண்டும். அந்த அம்மா எரிந்த கூரையை அவ்வளவு நேரம் பார்க்கவில்லை, அந்த அம்மியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய தாயின் அம்மி.

அடுத்த ஞாயிறு நிலையத்தில் கூட்டம் வைத்தோம். “எங்களுக்கென்று ஒரு தீயணைப்பு வண்டி வாங்குவோம்” என்று இளம் பிள்ளைகள் சொன்னார்கள். வாட்ஸ்அப்பில் போட்டவுடன் லண்டன், ரொறொன்ரோ, சூரிச் என்று எல்லா இடத்திலிருந்தும் காசு வரத் தொடங்கியது. இன்றைய கணக்கில் 23 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா வங்கியில் இருக்கிறது. 41ஆம் இலக்கப் பற்றுச்சீட்டு குசினி எரிந்த அந்த அம்மாவுடையது, 1000 ரூபா. வேண்டாம் அம்மா என்றேன். “மற்றவையின்ர வீட்டுக்கு வண்டி வரட்டும் தம்பி” என்று கையில் திணித்துவிட்டுப் போனார். அந்தச் சீட்டில் கையெழுத்து வைத்ததிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை. இந்தக் காசை ஒரு துருப்பிடித்த வண்டியாக நிலையத்து முற்றத்தில் நிறுத்திவைத்தால் அவருடைய முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

அதனால் தெரிந்தவர்களிடம் கேட்கிறேன். ஊராக ஒரு வண்டி வாங்கி ஓட்ட முடியுமா? இல்லையென்றால், ஏற்கெனவே இருக்கிற தீயணைப்புப் பிரிவுக்கே இந்தக் காசைக் கொடுத்துப் பலப்படுத்துவது நல்லதா? அப்படிக் கொடுப்பதென்றால் எந்த வழியாகக் கொடுக்க வேண்டும்?

ஏணி 22:

தம்பி, தெற்கில் ஒரு நகரத்தில் 22 வருடம் தீயணைப்பில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது ஊரோடு இருக்கிறேன். உங்கள் கடைசிப் பந்தியை இரண்டு தரம் வாசித்தேன். நேரடியாகச் சொல்கிறேன், வண்டி வாங்காதீர்கள்.

காரணம் வண்டியின் விலை இல்லை. ஒரு வண்டி இரவு பகலாக ஆயத்தமாக நிற்க வேண்டும் என்றால் ஒரு வேலை முறைக்கு (ஷிப்ட்) சாரதி, தலைவர், குழாய் பிடிக்க நாலு பேர் என்று ஆறு பேராவது வேண்டும். மூன்று முறைக்கு 18 பேர். லீவு, சுகயீனம் சேர்த்தால் இன்னும் கூட. இவர்களுக்கு மாதச் சம்பளம், பயிற்சி, காப்புறுதி. சபை எடுப்பதென்றாலும் ஆளணிக்கு மேலிடத்து அனுமதி வர வேண்டும். ஊர்ச்சங்கம் ஒரு வருடம் சமாளிக்கும், இரண்டாம் வருடம் சாரதி இல்லாமல் வண்டி நிற்கும். ஓடாமல் நிற்கிற வண்டியில் பம்பின் சீல் காய்ந்துபோகும், பற்றரி இறங்கும், தாங்கி துருப்பிடிக்கும். தேவைப்படுகிற அன்று அது ஸ்ரார்ட் வராது. நீங்கள் பயப்படுகிற காட்சி நடக்கக்கூடியதுதான்.

இன்னொன்று, தண்ணீர். வண்டி வந்தால் நெருப்பு அணையும் என்று சனங்கள் நினைப்பார்கள். ஒரு சாதாரண வண்டியில் 4500 லீற்றர் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு 45 மில்லிமீற்றர் ஹோஸை நன்றாகத் திறந்தால் நிமிடத்துக்கு 450 லீற்றர் போகும். கணக்கைப் போட்டுப் பாருங்கள், பத்து நிமிடம். இரண்டு ஹோஸ் பிடித்தால் ஐந்து. அதற்குப் பிறகு? பெரிய நகரங்களில் வீதியோரம் தீயணைப்பு நீர்க்குழாய் இருக்கும். எங்கள் ஊர்களில் ஆறு இல்லை, வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான். எங்களுக்கு இருப்பது கிணறு. சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கிற தண்ணீர்தான் எங்களுடைய தாங்கி.

ஆனால் எல்லாக் கிணற்றிலிருந்தும் தீயணைப்புப் பம்ப் இழுக்காது. மேலே நிற்கிற பம்ப் காற்றழுத்தத்தின் பலத்தில்தான் தண்ணீரை உறிஞ்சுகிறது. ஏட்டில் பத்து மீற்றர் என்று இருக்கும். வேலையில் ஏழு மீற்றருக்குக் கீழே தண்ணீர் இருந்தால் நம்பாதீர்கள். அதனால் ஊரில் எந்தக் கிணற்றில் தண்ணீர் எத்தனை மீற்றரில் நிற்கிறது, வண்டியோ பம்போ அதன் பக்கத்தில் போகுமா, ஒரு மணித்தியாலம் இறைத்தால் வற்றுமா என்று ஒரு பட்டியல் எடுங்கள். மாரி முடிந்தவுடன் அளந்து ஏமாறாதீர்கள். ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் ஆக இறங்கி நிற்கும்போது அளந்ததுதான் கணக்கு. இந்தப் பட்டியலுக்கு உங்களுக்கு ஒரு கயிறும் ஒரு கல்லும் போதும். எந்தத் தீயணைப்பு நிலையத்துக்கும் அது பெரிய உதவி.

காசைப் போடுவதென்றால் இருக்கிற நிலையத்தாரிடம் நேரே போய், “உங்களுக்கு என்ன குறை?” என்று கேளுங்கள். நீங்களாக நினைத்து வாங்கிக்கொண்டு போகாதீர்கள். என் அனுபவத்தில் முதலில் சொல்லப்படுவது உடுப்பு. நெருப்புக்குள் போடுகிற அங்கி, காற்சட்டை, தலைக்கவசம், கையுறை, சப்பாத்து. அடுத்தது சுவாசக் கருவி. பலர் நெருப்பில் கருகிச் சாவதில்லை, புகையில் மயங்கிச் சாகிறார்கள். புகையில் உள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சுவாசக் கருவி இல்லாத வீரன் எவ்வளவு துணிந்தவனாக இருந்தாலும் வாசலில் நின்றுதான் தண்ணீர் அடிக்கலாம், உள்ளே கிடக்கிற பிள்ளையைத் தூக்க முடியாது. நான் வாசலில் நின்றிருக்கிறேன். அதைப் பற்றி இதற்குமேல் எழுதவில்லை.

ஒரு கருவியின் சிலிண்டர் முழுதாக நிரம்பியிருந்தால் கடுமையாக வேலை செய்கிறவனுக்கு அரை மணித்தியாலம் அளவில் வரும். சிலிண்டரை ஐந்து வருடத்துக்கு ஒருதரம் அழுத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். நிரப்புவதற்கு அதற்கான கொம்பிரசர் வேண்டும், சைக்கிள் கடைக் காற்று சரிவராது. ஆகவே கருவியைக் கொடுத்தால் நிரப்புகிற வழியையும் பார்த்துக் கொடுங்கள். பராமரிப்புக்கென்று காசில் ஒரு பகுதியை ஒதுக்கி வையுங்கள்.

அந்தக் கொக்கத்தடிப் பெடியனை எனக்குக் கண்ணால் காணவேண்டும். கூரையை இழுத்து விழுத்தி நெருப்பின் பாதையை அறுப்பது மிகப் பழைய தீயணைப்பு முறை. பயிற்சி கொடுக்க ஆள் தேடினால் அவனிலிருந்து தொடங்குங்கள்.

ஊர்ச்சங்கம், கிழக்கு லண்டன்:

அண்ணை, ஐயா சொன்னதோடு இங்கிருந்து அனுப்புகிறவர்களின் பக்கத்தையும் சொல்கிறேன். எங்கள் சங்கத்திலும் இதே கதை ஒருதரம் எழும்பியது. கனடாவில் இருக்கிற எங்கள் ஆட்கள், “இங்கே பழைய வண்டி மலிவு, கப்பலில் போட்டுவிடுவோம்” என்றார்கள். அவர்களுடைய வண்டிக்கு ஸ்ரேறிங் இடப்பக்கம். ஊரில் வலப்பக்கம். சரி, இங்கிலாந்து வண்டி வலப்பக்கம்தானே என்று நாங்கள் விசாரித்தோம். பழைய வாகனத்துக்கான இறக்குமதி அனுமதி, வரி, உதிரிப்பாகம் என்று ஒவ்வொன்றாக வந்து, கடைசியில் கைவிட்டோம். 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025இல்தான் படிப்படியாகத் திறந்தது. அந்த நேரம் நாங்கள் ஒரு வண்டியை வாங்கியிருந்தால் அது இங்கேயே கிடந்து உக்கியிருக்கும்.

பலருக்குத் தெரியாத ஒரு சின்னச் சாமானைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹோஸின் நுனியில் இருக்கிற பூட்டு. பிரித்தானிய முறைப் பூட்டு ஆண், பெண் என்று இரண்டு வகை. ஒன்றுக்குள் ஒன்றைத் தள்ளினால் சொடக்கென்று பிடிக்கும். ஜேர்மனி, சுவிஸ் பக்கத்துப் பூட்டு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, திருப்பிப் பூட்டுவது. வட அமெரிக்காவில் மரை போட்டுத் திருகுவார்கள். மூன்றும் ஒன்றோடொன்று சேராது. சூரிச்சிலிருந்து அன்போடு நூறு மீற்றர் ஹோஸ் அனுப்பினாலும், ஊரில் இருக்கிற வண்டியில் அதைப் பூட்ட முடியாவிட்டால் கிணற்றடியில் உடுப்புக் காயப்போடத்தான் உதவும். வாங்க முன் நிலையத்துக்குப் போய் அவர்களுடைய பூட்டைப் படம் எடுத்து, விட்டத்தை அளந்து வாருங்கள்.

பழைய உடுப்பு அனுப்புவதிலும் கவனம். அங்கியின் உள்ளே தயாரித்த திகதி தைத்திருக்கும். பத்து வருடம் தாண்டியதை அமெரிக்க நியமம் பாவனையிலிருந்து எடுக்கச் சொல்கிறது. பார்க்கப் புதிதாக இருக்கும், ஆனால் உள்ளே ஈரத்தைத் தடுக்கிற படை போயிருக்கும். ஒரு வீரன் அதை நம்பி உள்ளே போவான் என்பதை நினைத்தால் அனுப்பக் கை வராது.

எதை அனுப்பினாலும் பெறுநராகச் சபையின் பெயர் இருக்க வேண்டும், பொருள் கப்பலேற முன்பே சபையின் கடிதம் கையில் இருக்க வேண்டும். நாங்கள் ஒருதரம் வைத்தியக் கட்டில்கள் அனுப்பிவிட்டுக் கடிதத்தைப் பிறகு கேட்டோம். கொள்கலன் துறைமுகத்தில் கிடந்த நாட்களுக்குக் கட்டிய காசில் இன்னும் நாலு கட்டில் வாங்கியிருக்கலாம். பிழை எங்களுடையது.

காசைப் பற்றி ஒன்று. இங்கே பதிவு செய்த அறக்கொடையாகச் சங்கம் இருந்தால், வருமான வரி கட்டுகிற ஒருவர் தருகிற ஒவ்வொரு பவுணுக்கும் அரசாங்கத்திடமிருந்து 25 பென்ஸ் மேலதிகமாகக் கேட்டு வாங்கலாம். பல ஊர்ச்சங்கங்கள் பதிவு செய்யாமல் வாட்ஸ்அப்பில் சேர்த்து, வங்கி வழியில்லாமல் உண்டியலில் அனுப்பிவிடுகின்றன. அந்தக் கால் பங்கு வீணாகப் போகிறது. அதோடு, ஒரே தடவையில் பெரிய தொகை கேட்பதை விட மாதம் ஐந்து பவுண் வங்கியிலிருந்து தானாகப் போகிற நிலையான கட்டளையாகப் போடச் சொல்லுங்கள். சிலிண்டர் பரிசோதனைக்கும் ஹோஸ் மாற்றுவதற்கும் அந்த மாதக்காசுதான் நிற்கும். நெருப்பின் படம் வாட்ஸ்அப்பில் இருக்கும் வரைக்கும்தான் பெருந்தொகை வரும்.

பெரியகடையான்:

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. சபைக்குச் சோலைவரி கட்டுகிறோம், கடை அனுமதிக்குக் கட்டுகிறோம். தீயணைப்பு உள்ளூராட்சிச் சபைகளின் கடமை. சனங்கள் கைக்காசு போடத் தொடங்கினால், “அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்” என்று பாதீட்டில் தீயணைப்புக்கான ஒதுக்கீடு அப்படியே சின்னதாக இருக்கும். 2016 செப்ரெம்பரில் கிளிநொச்சிச் சந்தை எரிந்ததை மறந்துவிட்டீர்களா? யாழ்ப்பாணத்திலிருந்து 60 கிலோமீற்றருக்கு மேல். அந்தத் தூரத்தை ஒரு வண்டி எவ்வளவு வேகமாக ஓடினாலும் கடை மிஞ்சுமா? அதற்குப் பிறகு சனங்கள் விடாமல் கேட்டார்கள், இன்று கிளிநொச்சியின் கரைச்சிப் பிரதேச சபைக்குத் தீயணைப்புப் பிரிவு இருக்கிறது. நீங்களும் காசோடு போகாமல் கோரிக்கையோடு போங்கள். 17 சபைகள் இந்த மாவட்டத்தில். ஒவ்வொன்றும் தனித்தனியாக வேண்டாம், வலிகாமத்துச் சபைகள் சேர்ந்து ஒரு நிலையம் வைத்தால் என்ன?

வலிகாமம் பொருளாளர்:

பெரியகடையான் அண்ணை, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, கூட்டத்திலும் ஒருவர் இதைத்தான் கேட்டார். எனக்கும் அது மனதில் இருக்கிறது. ஆனால் சபைகள் சேர்ந்து நிலையம் வைக்கும் வரைக்கும் அடுத்த சோளகம் காத்திருக்காதே.

ஏணி ஐயாவிடம் ஒரு கேள்வி. மச்சானுடைய மிசின்போல ஊரில் எண்பது, நூறு மிசின் இருக்கும். அவற்றை நெருப்புக்குப் பாவிக்கவே முடியாதா?

ஏணி 22:

பாவிக்கலாம், அது எதற்கு என்று தெரிந்தால். தோட்ட மிசின் தண்ணீரை நிறைய நகர்த்தும், ஆனால் அழுத்தம் குறைவு. தூரத்துக்கு அடிக்க அதனால் முடியாது. வண்டிக்குத் தண்ணீர் நிரப்ப அருமையான சாமான். வண்டி ஒழுங்கை முனையில் நிற்க, அதன் தாங்கிக்குள் கிணற்றிலிருந்து இரண்டு மிசின் தொடர்ந்து ஊற்றினால் நான் சொன்ன பத்து நிமிடக் கணக்கு மாறிவிடும். அடி வால்வைக் கழற்றிக் கழுவி, ரப்பரை மாற்றி, மாதம் ஒருதரம் ஓட்டிப் பாருங்கள். அன்று மூன்று தரம் ஊற்றியதாகச் சொன்னீர்களே, அந்த நேரத்தில்தான் குசினி போனது.

கையில் கொஞ்சம் காசு மிஞ்சினால், தீயணைப்புக்கென்றே செய்த, நாலு பேர் தூக்கக்கூடிய பம்ப் ஒன்று இருக்கிறது. வண்டி நுழையாத ஒழுங்கைக்குள் அது போகும். ஆனால் அதையும் சபையின் பெயரில், நிலையத்தின் பராமரிப்பில் வையுங்கள்.

ரீச்சர் அக்கா:

தம்பி, எங்கள் வீட்டுக்காரர் இதை வாசித்துக் காட்டினார். ஐயாமார் சொன்ன பம்பும் பூட்டும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த ஒழுங்கை. பூவரசை வெட்டக் காசு தேவையில்லை, மனம்தான் தேவை. ஒவ்வொரு வீட்டுக்கும் போய், உங்கள் வேலி எவ்வளவு உள்ளே போகவேண்டும் என்று அந்த வீட்டாரையே அளக்கச் சொல்லுங்கள். வேலி எல்லை என்றால் எங்கள் ஊரில் சகோதரங்களே கோடேறுவார்கள், உங்களுக்குத் தெரியும். அதனால் மதிலை இடிக்கச் சொல்லாதீர்கள், எல்லையைத் தொடாதீர்கள். வெளியே தள்ளி நிற்கிற கொப்பை மட்டும் சிரமதானத்தில் வெட்டுங்கள். மாட்டுக்குக் குழையும் ஆயிற்று. வயரை உயர்த்தச் சொல்லி எழுத்தில் கொடுங்கள்.

ஒழுங்கைகளுக்குப் பெயர்ப்பலகை போடுங்கள். பதற்றத்தில் 110க்கு எடுத்து, “அம்மன் கோயிலடியால் திரும்பி, முந்தி சங்கக்கடை இருந்த இடம்” என்று சொன்னால் வருகிற சாரதிக்கு என்ன தெரியும்? என் வகுப்புப் பிள்ளைகளிடம் உங்கள் வீட்டுக்கு எப்படி வருவது என்று ஒரு நாள் எழுதச் சொன்னேன். 32 பேரில் வீதியின் பெயரை எழுதியவர்கள் ஆறு பேர். மற்றவர்கள் எல்லாரும் மரமும் கோயிலும் மதவும் எழுதினார்கள்.

காசு சேர்ப்பதற்கு ஒரு யோசனை. எங்கள் கோயில்களில் பத்து நாள் திருவிழா என்றால் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு உபயகாரர் இருக்கிறார். தாத்தா காலத்திலிருந்து ஐந்தாம் திருவிழா எங்களுடையது என்று பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து லீவு எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அதேபோல ஒரு சுவாசக் கருவி ஒரு குடும்பத்தின் உபயம், நாலு ஹோஸ் இன்னொரு குடும்பத்தின் உபயம் என்று வையுங்கள். வாங்கிக் கொடுத்துவிட்டு முடிந்தது என்று இருக்காமல், வருடா வருடம் அதன் பரிசோதனைச் செலவும் அந்த உபயகாரருடையது. நான் என் தாய் தகப்பனின் நினைவுக்கு ஒரு அங்கியைப் பொறுப்பெடுக்கிறேன். உங்கள் ஊர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பெரியகடையானுக்கும் ஒரு சொல். யாழ்ப்பாணம் நூலகம் எப்படித் தொடங்கியது? 1933இல் கே. எம். செல்லப்பா என்ற ஒருவர் தன் வீட்டில் புத்தகங்களை வைத்துப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுத்தார். அதிலிருந்து ஆட்கள் சேர்ந்து, காசு சேர்ந்து, பிறகு நகரசபை பொறுப்பெடுத்து, 1959இல் அந்தப் பெரிய கட்டிடம் திறந்தது. சனங்கள் தொடங்கினபடியால் சபை கைகழுவவில்லை, சனங்கள் தொடங்கினபடியால்தான் சபை கையேற்றது. அதே நூலகத்தை 1981 ஜூன் தொடக்கத்தில் ஒரு இரவில் ஏறக்குறைய 97,000 புத்தகங்களோடு எரித்தார்கள். அது வைத்த நெருப்பு, எந்த வண்டியும் அணைக்க விட்டிருக்க மாட்டார்கள். நான் அப்போது சின்னப் பிள்ளை. காலையில் எங்கள் முற்றத்தில் கரித்தாள் விழுந்து கிடந்தது, தொட்டால் தூளாகப் போகும். எழுத்து மட்டும் தெரிந்தது. அதனால் எனக்கு நெருப்பைப் பற்றிய கதையில் பொறுமை குறைவு. கோரிக்கையும் போகட்டும், காசும் போகட்டும்.

ஏணி 22:

கொடுக்கிற முறையைப் பற்றி ஒருவரும் இன்னும் சொல்லவில்லை. சபை ஒரு நன்கொடையை ஏற்பதென்றால் அது சபையின் கூட்டத்தில் தீர்மானமாக வர வேண்டும். பிறகு பொருள்பதிவேட்டில் ஏற வேண்டும். நிலையத்துத் தம்பிமாரின் கையில் நேரே கொடுத்துவிட்டு வந்தால் அவர்களுக்குத்தான் கணக்காய்வில் கரைச்சல். 2023 மார்ச்சிலிருந்து 2025 மே தேர்தல் வரைக்கும் சபைகளில் உறுப்பினர்கள் இல்லை. இப்போது இருக்கிறார்கள். உங்கள் வட்டார உறுப்பினரைப் பிடியுங்கள். அடுத்த வருடப் பாதீடு கார்த்திகை, மார்கழியில் போகும், அதற்கு முன் கடிதம் போக வேண்டும். கடிதத்தில் இரண்டு விஷயம் கேளுங்கள். நாங்கள் இந்தப் பொருளைத் தருகிறோம், பராமரிப்புக்குச் சபை ஒரு தொகையைப் பாதீட்டில் எழுதுமா? எங்கள் பிரதேச சபையும் தீயணைப்பு இருக்கிற சபையும் எல்லை தாண்டி வருவதற்கு எழுத்தில் ஒரு உடன்பாடு வைக்குமா? இரண்டாவதில் பெரியகடையான் கேட்ட கூட்டு நிலையத்துக்கும் விதை இருக்கிறது.

வலிகாமம் பொருளாளர்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ஞாயிறு நிலையத்தில் கூட்டம் நடந்தது. நீங்கள் எழுதியவற்றைப் பிரதி எடுத்துக்கொண்டு போய் வாசித்தேன். சூடான கூட்டம். வண்டி வேண்டும் என்று நின்ற பிள்ளைகளுக்கு மனவருத்தம்தான். வண்டியின் முன்னால் நின்று எடுக்கிற படம் சிலிண்டரில் வராது என்று ஒருவன் வெளிப்படையாகச் சொன்னான், அவன் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. லண்டனிலிருந்து பெருந்தொகை அனுப்பிய ஒருவர் வண்டிக்கென்றுதான் கொடுத்தேன் என்று தொலைபேசியில் சொன்னார். அவருடைய காசைத் திருப்பிக் கொடுக்கவும் ஆயத்தம் என்று நான் சொன்னேன். ஒரு நாள் யோசித்துவிட்டு, சுவாசக் கருவிக்கு மாற்றச் சொல்லி இன்று காலை எடுத்தார்.

இப்போதைக்கு முடிவு இதுதான். தீயணைப்பு நிலையத்துக்குப் போய்த் தேவைப் பட்டியல் வாங்குவது, எந்தச் சாமானையும் அதற்கு முன் வாங்குவதில்லை. காசில் ஐந்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று நிலையான வைப்பில் போட்டு மூன்று பேர் கையெழுத்தில் வைப்பது. ரீச்சர் அக்காவின் உபயத் திட்டத்தைக் கோயில் தர்மகர்த்தா சபையாரே கையில் எடுத்தார்கள், நான் கேட்கவும் இல்லை. சபைக்கான கடிதத்தை ஒரு ஓய்வுபெற்ற எழுதுநர் எழுதுகிறார். புதன்கிழமை கொடுக்கிறோம்.

சனிக்கிழமை கதியால் வெட்டு. குசினி எரிந்த அம்மா தேத்தண்ணீர் தன்னுடைய பொறுப்பு என்றார். இப்போது அவருடைய குசினிக்குத் தகரக் கூரை. வெடித்த அம்மியின் பெரிய பாதியை எறியாமல் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல்லாகப் போட்டிருக்கிறார்.

கொக்கத்தடிப் பெடியன்தான் கிணறு அளக்கிறான். நேற்றுப் பின்னேரம் ஒன்பது கிணறு முடிந்தது. கயிற்றில் மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல் கட்டி இறக்கி, ஈரம் பட்ட இடத்தைப் பிடித்துப் பார்க்கிறான். ஆறில் தண்ணீர் ஐந்து மீற்றருக்குள். இரண்டில் ஏழைத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்துக் கிணற்றில் நாலரை, வீதியோரம், வண்டி கிட்டப் போகும். மிச்சம் இருபதுக்கு மேல் இருக்கிறது, முடிந்தவுடன் பட்டியலை இங்கே போடுகிறேன். ஐயா, பிழை இருந்தால் சொல்லுங்கள்.